சொல்லி அனுப்புறோம்

அன்புள்ள அக்காவுக்கு,

இதனால் சகலருக்கும், குறிப்பாகத் தூர தேசத்தில் வசிக்கும் என் ஒரே அக்காவுக்கும், ஆழ்ந்த துயரத்துடன் அறிவிப்பது என்னவென்றால், நம் வீட்டுக் குளியலறைத் தாழ்ப்பாள் நெடுநாள் ஆட்டம் ஆடி நேற்றுக் காலை என் கையிலேயே உயிரை விட்டது. கடைசியாக அது சொன்ன வார்த்தை ‘கடக்’. அன்னாரின் பிரிவால் வாடும் கதவு தற்போது ஒரு வாளியில் சாய்ந்து நிற்கிறது. இனிமேல் குளிக்கிறவர்கள் பாடிக்கொண்டே குளிக்க வேண்டும், பாட்டு கேட்டால் உள்ளே ஆள் இருக்கிறது என்று அர்த்தம் என நான் சட்டம் போட்டிருக்கிறேன். நான் பாடியதைக் கேட்டு மாடி வீட்டுக்காரர் இறங்கி வந்து, யாருக்காவது அடிபட்டுடுச்சான்னு கேட்டார். அம்மா பாடுவதில்லை. குவளையால் வாளியைத் தட்டுகிறாள்.

சரி, முறையாகத் தொடங்குகிறேன், இல்லாவிட்டால் அம்மா கையிலிருக்கும் இஸ்திரிப் பெட்டி என் பக்கம் திரும்பிவிடும். அம்மாவும் வாலுவாகிய நானும் இங்கே சுகம், நீ அங்கே எங்களைவிட ஒரு பிடி கூடுதல் சுகமாக இருக்க வேண்டும். இது அம்மாவின் கடிதம், வாய் அவளுடையது, கை மட்டும் என்னுடையது. ஏனென்றால் கழற்றி வைத்த மூக்குக் கண்ணாடியின் மேல் அவளே போய் உட்கார்ந்துவிட்டாள். கண்ணாடிக்குக் கால் போனது, அம்மாவுக்குக் கண் போனது, இதை எழுதி முடிப்பதற்குள் எனக்குக் கை போகும். போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று நீ கேட்பாய். உன்னோடு வேலை பார்க்கும் அந்த நர்ஸ் விடுமுறைக்கு ஊர் வந்திருக்கிறாளே, அவள் அங்கே திரும்பி வரும்போது தலையணை உறைகள் கொடுத்தனுப்புகிறாள் அம்மா, அதோடு நாலு வரி வைத்தால்தான் பொட்டலம் பொட்டலமாக இருக்குமாம். எனக்கு வேறொரு காரணமும் இருக்கிறது, பிறகு சொல்கிறேன், இப்போது அம்மா தலைக்கு மேலேயே நிற்கிறாள், என்னடா நான் இன்னும் வாயே திறக்கல நீ பக்கம் பக்கமா எழுதுறேன்னு.

அம்மா சொல்வது. என் கண்ணு, போன தடவை பேசும்போது நீ கேட்டாய், ஏன் இன்னும் வேலை கிடைக்கலை, வீட்டிலேயே உட்கார்ந்தால் மனசு மறுபடியும் அந்தப் பக்கம் போய்விடாதா என்று. நீ கேட்டது தப்பில்லை, உனக்கு அக்கறை. (அன்றைக்கு போனை வைத்த பிறகு அவள் ஒரே சட்டையைத் திரும்பத் திரும்பத் தேய்த்துக்கொண்டிருந்தாள், இது நான் சொல்வது.) ஆனால் நான் உட்காரவில்லை. மாடி வீட்டுத் துணி, எதிர் வீட்டுத் துணி எல்லாம் வாங்கித் தேய்த்துக் கொடுக்கிறேன், வேலையும் தேடுகிறேன். விடுதிச் சலவைக்கூடத்தில் ஒரு காலை முழுக்க வேலை வாங்கிப் பார்த்தார்கள். விரிப்பைத் தேய்த்துத் தள்ளும் நீராவி உருளை நான் முன்பு வேலை பார்த்த சலவைக்கூடத்தில் இருந்ததைவிடப் பெரியது, விரிப்பை உள்ளே கொடுக்கிறவர்கள் இரண்டு பேர், அந்தப் பக்கம் வாங்கி மடிக்கிறவர்கள் இரண்டு பேர். என்னோடு மடித்த பெண் புதுசு, பாவம், விரிப்பு சூடாக வந்து விழவும் கையை உதறிக்கொண்டு பின்னால் போய்விட்டாள். நான் ஒருத்தியாகவே நாலு முனையையும் காற்றில் ஒன்று சேர்த்து, தையல் உள்ளே போகிற மாதிரி மடித்துப் போட்டேன். மேற்பார்வையாளர் நின்று பார்த்துவிட்டு, இத்தனை நாள் எங்கேம்மா இருந்தீங்கன்னு கேட்டார். நாளைக்கே வந்துடுங்கன்னு சொன்னார். சாயங்காலம் போன் பண்ணி, சொல்லி அனுப்புறோம்னு சொன்னார். ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியிலும் அப்படித்தான், பார்த்தார்கள், பிடித்தது, சொல்லி அனுப்புறோம்னு சொன்னார்கள். என் ராசி அப்படி, யாரையும் குறை சொல்ல வேண்டாம்.

ஆனால் ஒரு நல்ல செய்தி, இதை வாலு சரியாக எழுத வேண்டும். ஒரு பெரிய ஹோட்டலிலிருந்து நம் பழைய முதலாளியிடம் என்னைப் பற்றி விசாரித்திருக்கிறார்கள். நான் அங்கே எழுதிப் போடக்கூட இல்லை, எப்படித் தெரிந்ததோ. முதலாளியே மெனக்கெட்டு போன் பண்ணிச் சொன்னார், மேனேஜர் ரொம்ப மரியாதையா பேசினாரும்மா, நானும் உங்களைப் பத்தி எடுத்துச் சொல்லியிருக்கேன், யோசிச்சு சொல்லி அனுப்புறோம்னு சொல்லியிருக்காருன்னு. எந்த ஹோட்டல் என்று கேட்க அவருக்கு மறந்துவிட்டதாம், பேச்சிலேயே பெரிய இடம் என்று தெரிந்ததாம். வேலையை விட்டு வந்தவளுக்காக யார் இத்தனை தூரம் பேசுவார்கள், அந்த மனுஷன் நன்றாக இருக்க வேண்டும். நான் வெளியே போகும்போது உடுத்தும் அந்த நீல உடையைத் தேய்த்து மாட்டி வைத்திருக்கிறேன், எப்போது கூப்பிட்டாலும் கிளம்பலாம்.

அக்கா, இதுவரைக்கும் அம்மா. இப்போது துணியை எடுக்க மொட்டை மாடிக்குப் போயிருக்கிறாள், மேகம் கறுத்திருக்கிறது, மாடி வீட்டுக்காரரின் கால்சட்டைகள் அவர் வயிற்றைப் போலவே பெரியவை, எடுத்து வர நேரமாகும். அதுவரைக்கும் கையும் என்னுடையது வாயும் என்னுடையது. பயப்படாதே, அம்மா இதைப் படிக்க முடியாது, வாசித்துக் காட்டச் சொல்வாள், நான் இந்த இடம் வரும்போது மழை பெய்கிறது, பள்ளிக்கூடம் நடக்கிறது, பக்கத்து வீட்டுப் பூனை மூன்று குட்டி போட்டது என்று சேர்த்து வாசித்துவிடுவேன். இல்லாததை எழுதியது போல வாசிப்பதில் நான் பட்டம் வாங்கியவன், என் வீட்டுப் பாடத்தைத் திருத்தும் வாத்தியாரைக் கேட்டுப் பார்.

அம்மாவுக்கு ஏன் வேலை கிடைக்கவில்லை என்று எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது. முதலில் எனக்கும் தெரியாது, அந்த ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் வேலை கேட்டுவிட்டுத் திரும்பி வந்த அன்றைக்கு அம்மா ஏதோ வேடிக்கை போல ஒன்று சொன்னாள். முதல் நாள் நன்றாகப் பேசிய மேற்பார்வைக்காரம்மா மறுநாள் ஒரு மாதிரியாகச் சிரித்துக்கொண்டே பேசினாளாம், பேசிக்கொண்டே மேஜை மேல் கிடந்த கத்தரிக்கோலை எடுத்து இழுப்பறைக்குள் வைத்து மூடினாளாம். நூல் வெட்டுகிற கத்தரி அது, மடிப்பு மேஜையில் எப்போதும் கிடக்க வேண்டியது. எதுக்குடா எடுத்து வச்சா, நான் என்ன திருடிக்கிட்டா வந்துடுவேன்னு அம்மா சிரித்தாள். நானும் சிரித்தேன். அப்புறம் குளியலறைக்குள் போய்க் கொஞ்ச நேரம் சத்தமாகப் பாடினேன், அப்போது தாழ்ப்பாள் உயிரோடு இருந்தது.

அப்பா போன பிறகு அம்மா சுவரைப் பார்த்துப் படுத்தாளே, நீ வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டுப் போனாயே, அது நம் மூன்று பேருக்கும் அந்த டாக்டருக்கும்தான் தெரியும் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். ஐந்தாவதாக ஒருத்தருக்கும் தெரியும். திரும்ப வேலைக்குப் போன அன்றைக்கு, இத்தனை நாள் என்ன ஆச்சும்மா, நான் உங்க அண்ணன் மாதிரின்னு முதலாளி கேட்டிருக்கிறார். மஞ்சள் காமாலைன்னு சொல்லு, மஞ்சளுக்கு யாரும் சாட்சி கேட்க மாட்டாங்கன்னு நான் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். அம்மா கேட்டால்தானே. அண்ணன் மாதிரின்னு சொல்றவர்கிட்ட பொய் சொல்லிட்டு எப்படிடா அவர் முகத்துல முழிக்கிறதுன்னு, எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள், மாத்திரை பேர் உட்பட. இது என் வாயைத் தாண்டாதும்மான்னு அவரும் நெஞ்சில் கை வைத்துச் சொன்னார். அதற்குப் பிறகு அவளை உருளைப் பக்கம் விடவில்லை, துண்டு எண்ணுகிற மூலைக்கு மாற்றினார். அப்புறம், கொஞ்ச நாள் வீட்ல ஓய்வெடுங்கம்மா, கூப்பிடுறேன்னு அனுப்பினார், அந்த இடத்தில் வேறு ஆள் வந்தாயிற்று. வேற எங்கயாவது போறதா இருந்தா என் நம்பரைக் கொடுங்க, நான் பேசுறேன்னு மட்டும் சொன்னார். அம்மாவும் போகிற இடமெல்லாம் அதைத்தான் முதலில் எழுதுகிறாள். இந்தத் தொழிலில் படித்த படிப்பை யாரும் கேட்பதில்லை, கடைசியாக வேலை பார்த்த இடத்துக்கு ஒரு போன், அவ்வளவுதான் சோதனை. அம்மா வாழ்நாள் முழுக்க ஒரே இடத்தில்தான் வேலை பார்த்தாள். அவளுக்கு வேறு நம்பர் கிடையாது.

என் சாகசத்தை இப்போது கேள். வகுப்பு வாத்தியாருக்கு மாமா குரலில் போன் பண்ணி விடுமுறை வாங்கியவன் நான், அந்த மாமா இன்னும் பிறக்கவே இல்லை என்பது வேறு விஷயம். போன வாரம் அம்மா கடைக்குப் போன நேரம் பார்த்து, தொண்டையை நன்றாகச் செருமி, வயிற்றிலிருந்து குரலை எடுத்து, ஒரு மேனேஜர் போலவே வெள்ளைச்சட்டைக்காரருக்கு, பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய போனிலிருந்து, போன் போட்டேன். (முதலாளியை நான் அப்படித்தான் கூப்பிடுகிறேன், சலவைக்கூடத்திலேயே ஒரு சுருக்கம் இல்லாதது அவர் சட்டை ஒன்றுதான்.) உங்ககிட்ட வேலை பார்த்த அம்மா எப்படிங்கன்னு கேட்டதுதான் தாமதம், அக்கா, அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். தங்கமான மனுஷி, கை சுத்தம், வேலை சுத்தம்னு ஆரம்பித்தார், எனக்கே பெருமையாகிவிட்டது. அப்புறம் குரலைத் தாழ்த்தி, ஆனா ஒண்ணு, உங்ககிட்ட மறைக்கக் கூடாது பாருங்க, புருஷன் போன துக்கத்துல தலை கொஞ்சம் கோளாறாகி ஆஸ்பத்திரியில வச்சிருந்தாங்க, இப்ப நல்லாத்தான் இருக்காங்க, இன்ன மாத்திரை சாப்பிடுறாங்க, இருந்தாலும் சூடான மெஷின் பக்கம் தனியா விட்டுடாதீங்க, பாவம், ஒரு பையன் இருக்கான், கொஞ்சம் பார்த்து நடந்துக்கங்கன்னு. உண்மையாகவே மூக்கை உறிஞ்சினார், அக்கா. ஒரு விண்ணப்பம் விடாமல் எல்லா மேனேஜருக்கும் இப்படித்தான் மூக்கை உறிஞ்சியிருக்கிறார். பரிந்துரை பரிந்துரை என்கிறார்களே, அவர் நிஜமாகவே பரிந்துதான் உரைக்கிறார், அந்தப் பரிவில்தான் அம்மா பிழைப்பு போகிறது. ஊர் அழுக்கையெல்லாம் உள்ளே வைத்து வெளுக்கிறவர் நம் வீட்டு விஷயத்தை மட்டும் நடுத்தெருவில் காயப் போட்டிருக்கிறார். நான் விடுவேனா, யார் பிள்ளை, அதே மேனேஜர் குரலில் பிடித்தேன் ஒரு பிடி. ஐயா ஒருத்தர் நம்பிச் சொன்னதை ஊருக்குச் சொல்ல உங்களுக்கு யார் உரிமை கொடுத்தது, பேசுறது அந்த ஒரு பையன்தான்னு, வெளுத்து வாங்கிவிட்டேன் வெளுத்து. மனுஷனுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. நீ இருந்து கேட்டிருக்க வேண்டும்.

வெளுத்ததோடு நிற்கவில்லை, கீழ் வீட்டு வக்கீல் குமாஸ்தாவிடமும் போனேன், என் நண்பன் வீட்டில் இப்படி ஒரு விஷயம் என்று. அவர் பேனாவை மூடிக்கூட வைக்காமல் சொன்னார், தப்புதான் தம்பி, பெரிய தப்பு, கேஸ் போடலாம், ஆனா போனில் பேசினதுக்கு யார் சாட்சி வருவா, அப்படியே வந்தாலும் அந்த அம்மாவுக்கு என்ன வியாதி, என்ன மருந்துன்னு எல்லார் முன்னாடியும் படிச்சுத்தான் கேஸை நடத்தணும், அதுக்கு அவங்க தயாரான்னு. சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டார் என்று நிரூபிக்க அதையே மறுபடி சொல்ல வேண்டுமாம். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற கதை. கடைசியில், உன் நண்பனை நல்லாப் படிக்கச் சொல்லுன்னு என் தலையைத் தட்டி அனுப்பினார், அவருக்குத் தெரிந்துவிட்டது.

முதலாளி நம்பரை எழுதாதேம்மா என்று அம்மாவிடம் ஒரு தடவை மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். ஏன்டா, எனக்காகப் பேசுறதுக்கு இந்த உலகத்துல இருக்கிற ஒரே ஆள் அவர்தான்னு சொன்னாள். அவர் என்ன பேசுகிறார் என்று சொன்னால் அவள் மறுபடியும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிடுவாளோ என்று பயம், சொல்லாவிட்டால் அதே நம்பரை அடுத்த இடத்திலும் எழுதுவாள். அது தெரியாமல் நீயும் போனில் வேலை வேலை என்று கேட்காதே, கேட்டால் அவள் சிரிக்கிறாள், அந்தச் சிரிப்பை நான் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டியிருக்கிறது. இதுதான் நான் சொன்ன வேறொரு காரணம். நீ அங்கிருந்து என்ன செய்ய முடியும் என்று யோசித்துப் பார்த்தேன், ஒன்றும் தோன்றவில்லை. உனக்குத் தோன்றினால் எழுது. இதோ கால்சட்டைகள் படியிறங்கும் சத்தம்.

மறுபடியும் அம்மா. மழை வருவதற்குள் எல்லாவற்றையும் எடுத்தாயிற்று. தலையை ஈரத்தோடு வைத்துக்கொண்டு தூங்காதே. அங்கே குளிர் என்றால் காலுறை போட்டுக்கொள், ஓட்டை விழுந்ததைப் போடாதே. நேரத்துக்குச் சாப்பிடு, நின்றுகொண்டே சாப்பிடாதே. வேலை செய்யும் இடத்தில் யாரோடும் சண்டை வேண்டாம், மேலே இருக்கிறவர்கள் கேட்டால் மறைக்காமல் உண்மையைச் சொல், உண்மையாக இருக்கிறவர்களை யாரும் கைவிட மாட்டார்கள். (அக்கா, இந்த வரியை எழுதும்போது என் பேனா மூன்று தடவை நின்றது, மை தீர்ந்ததுன்னு சொல்லிச் சமாளித்தேன்.) தம்பி நன்றாகப் படிக்கிறான், கொஞ்சம் வால்தனம்தான், இப்போது குறைந்திருக்கிறது, ஏனோ முன்போல என்னைச் சிரிக்க வைப்பதில்லை, உடம்புக்கு என்னவோ என்று பார்க்கிறேன். தலையணை உறைகளை முதல் தடவை தனியாகத் துவை, வெந்நீர் வேண்டாம், சாயம் போகும். தேய்க்கும்போது ஓரத்திலிருந்து நடுவுக்குத் தேய், நடுவிலிருந்து ஓரத்துக்குப் போனால் மூலை நீண்டுவிடும், எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன். அந்த ஹோட்டல் வேலை கிடைத்ததும் முதலில் உனக்குத்தான் சொல்வேன். நீ நீண்ட ஆயுளோடு, தலை நிமிர்ந்து, நல்ல மனுஷர்களுக்கு நடுவில் இருக்க வேண்டும். மறக்காமல் பதில் போடு.

இப்படிக்கு,
உன்னையே நினைத்திருக்கும் அம்மா

(கையெழுத்து கோட்டுக்கு வெளியே போயிருப்பது கண்ணாடி இல்லாததால், வேறொன்றும் இல்லை.)

அக்கா, வாசித்துக் காட்டிவிட்டேன். பூனைக் குட்டிகளை எல்லாம் சேர்த்து நன்றாகவே வாசித்தேன், அம்மா பூனைக்குப் பால் வைக்கச் சொன்னாள். இப்போது ஒன்று எழுத வேண்டும், எழுதாமல் ஒட்டிவிடத்தான் நினைத்தேன். வெளுத்து வாங்கினேன் என்று மேலே எழுதியிருக்கிறேனே, அதை அடித்துவிடு. அப்படி ஒன்றும் நடக்கவில்லை. அவர் மூக்கை உறிஞ்சி, ஒரு பையன் இருக்கான்னு சொன்னதும் கத்த நினைத்தேன், நான்தான் அந்தப் பையன்னு சொல்ல நினைத்தேன், ஆனால் மேனேஜர் குரல் மட்டும்தான் வாயில் இருந்தது, அது தானாகப் பேசிவிட்டது. சரிங்க ஐயா, சொன்னதுக்கு ரொம்ப நன்றி, எங்க ஹோட்டல்ல யோசிச்சு சொல்லி அனுப்புறோம்னு. மற்றவர்கள் எல்லாம் என்ன சொன்னார்களோ அதையேதான் நானும் சொன்னேன், அதுவும் அவ்வளவு மரியாதையாக. வெளுத்தது என் முகம்தான். அன்று சாயங்காலமே அவர் அம்மாவுக்கு போன் பண்ணிவிட்டார்.

அம்மா காத்துக்கொண்டிருக்கும் அந்தப் பெரிய ஹோட்டலின் மேனேஜர் நான்தான் அக்கா. இடம் நிரம்பிடுச்சும்மா, மன்னிக்கணும்னு ஒரு போன் போட்டு முடித்துவிடலாம் என்று முகம் பார்க்கும் கண்ணாடி முன்னால் நின்று பழகிப் பார்த்தேன், குரல் பாதியில் உடைந்து பழைய குரலுக்கே போய்விடுகிறது. அந்த நீல உடையை நேற்று இறக்கி மறுபடியும் தேய்த்தாள், அதில் ஒரு சுருக்கம்கூட இல்லை. இப்போது குளிக்கப் போயிருக்கிறாள், குவளை தட்டும் சத்தம் கேட்கிறது. போன் மணி காதில் விழ வேண்டும் என்று வாளியை நகர்த்திக் கதவைக் கொஞ்சம் திறந்தே வைத்திருக்கிறாள், தாழ்ப்பாள் போனதும் ஒரு விதத்தில் நல்லதுதான்டான்னு சொல்கிறாள். நடுவில் கூப்பிட்டால் நான் எடுத்து, அந்த மேனேஜரிடம் என் வாலை எல்லாம் காட்டாமல் மரியாதையாகப் பேச வேண்டுமாம்.

வாலைச் சுருட்டிக்கொண்டு,
வாலு